மஷூராவுக்கு யாரை அழைத்தீர்கள்?

ஷாமில் கொள்ளைநோய் என்று வழியிலேயே கேள்வியுற்ற கலீஃபா உமர் (ரலி) அவர்கள், முஹாஜிர்களையும் அன்சாரிகளையும் குறைஷி மூத்தோரையும் தனித்தனியே அழைத்துக் கருத்துக் கேட்ட பின்னரே திரும்பிச் செல்ல முடிவெடுத்தார்கள்.

2020 ஏப்ரலில் நாம் கண்டது வேறு. டெல்லி மாநாட்டுக்குச் சென்று வந்தோரின் தொற்று, 'ஒரே மூலம்' என நம் மாநில அறிக்கைகளில் தனிக்கணக்காயிற்று. நோய்ப் பட்டியலில் இடம் தந்தவர்கள் ஆலோசனை அவையில் தந்தார்களா? இலங்கையிலோ, அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறிய பின்பும் 2021 பிப்ரவரி வரை ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பச்சிளங்குழந்தையையும் விடவில்லை.

பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூரையெல்லாம் சேர்த்து 2021-இல் மாநகராட்சியான தாம்பரத்தில் உருது பேசும் குடும்பங்களும், கட்டட வேலைக்கு வந்த ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளரும் வாழ்கின்றனர். தமிழ் அறிவிப்புப் பலகை அவர்களுக்கு என்ன சொல்லும்? அடுத்த நோய்க்கான திட்டத்தை அவர்களையும் மஹல்லா ஜமாஅத்தையும் அழைத்து வைத்தே எழுத வேண்டும். இதை நாம் சலுகையாகக் கேட்கவில்லை.

குறை நம்மிடமும் உண்டு. ஜுமுஆவில் கடைசி ஸஃப்பில் தொழுதுவிட்டுப் போகும் வங்காளத் தொழிலாளியின் பெயர் நம் மஹல்லாப் பதிவேட்டில் இல்லை. நாளை ஊரடங்கு வந்தால் அவர் அறைக்குக் கஞ்சி கொண்டு செல்பவர் யார்?