குறுகிய தவணையும் நீண்ட கணக்கும்

கடல்வாழ் உயிரினங்களைப் பாதுகாக்கும் பணிக்கென ஆராய்ச்சியாளர்களுக்கு உபகாரச் சம்பளம் வழங்கும் திட்டங்கள் இன்று பல நாடுகளில் நடைபெறுகின்றன. அவற்றுள் பலவற்றின் தவணை ஓராண்டு அல்லது ஈராண்டு; அமெரிக்காவின் பியூ அறக்கட்டளை வழங்குவது போன்ற பெரிய உபகாரச் சம்பளமும் மூன்றாண்டுகளுக்கு உரியதே. இத்தகைய திட்டத்தில் ஆராய்ச்சியாளர்களைத் தேர்ந்தெடுத்து, அவர்தம் வேலையை நெறிப்படுத்தும் விஞ்ஞானப் பொறுப்பாளரின் தலையாய கடமை யாது? திறமை மிக்க இளைஞரைக் கண்டெடுப்பது என்பர் சிலர். சிறந்த ஆராய்ச்சிக் கட்டுரைகள் வெளிவரச் செய்வது என்பர் வேறு சிலர். இரண்டும் வேண்டுவனவே. ஆயினும், ஆள் மாறினாலும் கணக்கு அறுபடாமல் காப்பதே அவருடைய முதற்கடமை என்பது எமது கருத்து.

ஒடிசாக் கடற்கரையை எடுத்துக்கொள்வோம். தமிழகத்தில் பங்குனி ஆமை என்று வழங்கும் கடலாமை, அங்கே ஆயிரக்கணக்கில் ஒருங்கே கரையேறி முட்டையிடுகின்றது. இந்நிகழ்ச்சி கஹிர்மாதாவில் 1974ஆம் ஆண்டிலும், தேவி ஆற்று முகத்தில் 1981ஆம் ஆண்டிலும், ருஷிகுல்யா ஆற்று முகத்தில் 1994ஆம் ஆண்டிலும் விஞ்ஞான உலகிற்குத் தெரியவந்தது. குஞ்சாகக் கடலிற் புகுந்த ஆமை முட்டையிடும் பருவத்தை அடையப் பத்தாண்டுகளுக்கு மேலாகும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் ருஷிகுல்யாவில் மட்டும் ஏறத்தாழ 7 லட்சம் ஆமைகள் முட்டையிட்டதாக மதிப்பிடப்பட்டது. ஆனால், இத்தகைய கரையில் அப்பெருந்திரள் தலைகாட்டாத ஆண்டுகளும் உண்டு. எனவே, ஓர் ஆண்டின் எண்ணைத் தனியே எடுத்துக்கொண்டு இனம் பெருகுகின்றது என்றோ அருகுகின்றது என்றோ கூறுதல் பொருந்தாது.

இத்தனை ஆமைகளையும் ஒவ்வொன்றாக எண்ணுதல் இயலாத காரியம். கரையின் குறுக்கே குறுகிய பட்டைகளை வரையறுத்து, குறித்த நேர இடைவெளிகளில் அவற்றினுள் முட்டையிடும் ஆமைகளை எண்ணி, அதனின்று மொத்தத்தை மதிப்பிடுவர். பட்டையின் அகலத்தையோ நேர இடைவெளியையோ ஒருவர் மாற்றி, அம்மாற்றத்தை எழுதி வைக்காமற் போய்விட்டால், அடுத்த ஆண்டு காணும் வேறுபாடு ஆமைகளின் தொகையால் வந்ததா, எண்ணிய முறையால் வந்ததா என்று பின்வருவோர் பிரித்தறிய முடியாது.

இது ஏட்டளவில் நின்றுவிடும் குறை அன்று. கஹிர்மாதாக் கடற்பகுதி 1997ஆம் ஆண்டில் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. தாம்ரா, தேவி, ருஷிகுல்யா ஆகிய ஆற்று முகங்களை அடுத்துள்ள கடலில் 20 கிலோமீட்டர் வரை, ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் 1 முதல் மே 31 முடிய மீன்பிடிப்புக்குத் தடை விதிக்கப்படுகின்றது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் பிராணி. இழுவலையில் அகப்பட்டு மேலே வர இயலாதபோது மூச்சடைத்து இறக்கின்றது. ஆதலால் தடைக்குத் தக்க காரணம் உண்டு. எனினும் ஏழு மாதம் அதன் சுமையைத் தாங்குவன மீனவர் குடும்பங்கள். இதனால் விளைந்த பயன் யாது என்று அவர்கள் கேட்டால், நம்பத்தகுந்த விடையளிப்பது விஞ்ஞானத்தின் கடன். அறுந்த கணக்கிலிருந்து அவ்விடை பிறவாது.

தொடர்ச்சியின் பயனுக்குச் சான்று ஒன்று கூறுவோம். 2021ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒடிசாக் கரையில் எண்ணிட்ட உலோகத் தகடு பொருத்தி விடப்பட்ட ஆமை ஒன்று, 2025ஆம் ஆண்டு ஜனவரியில் மகாராஷ்டிரத்தின் குஹாகர் கரையில் முட்டையிட வந்தது. கிழக்குக் கரையில் முட்டையிடும் ஆமை மேற்குக் கரைக்கும் செல்லக்கூடும் என்பது இதனால் தெளிவாயிற்று. இடைப்பட்ட காலம் ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். மூன்றாண்டுத் தவணைகூட அதற்குள் முடிந்திருக்கும். தகட்டின் எண்ணைப் பதிந்த ஏடு பத்திரமாக இருந்ததனாலன்றோ அந்த எண் பேசியது!

இளைஞரின் சொந்தச் சிந்தனைக்கு இடமளிக்காமல் அவர்களைக் கணக்கெழுதுவோராக்கலாமா என்று சிலர் வினவலாம். நியாயமான வினாவே. ஆனால் பொதுக்கணக்கிற்கென ஆண்டில் சில வாரங்களை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய காலத்தைத் தாம் விரும்பும் ஆராய்ச்சிக்கு அவர்கள் பயன்படுத்துவதில் தடையேதும் இல்லை. அன்றியும், முன்னோர் சேர்த்த கணக்கு இருந்தாலன்றிப் புதிய கேள்விக்கும் அடிப்படை கிடைப்பதில்லை.

ஆகவே விஞ்ஞானப் பொறுப்பாளர் நான்கு காரியங்களை வற்புறுத்த வேண்டும். எண்ணும் முறை எழுத்தில் இருத்தல் வேண்டும். விலகுபவரும் புதியவரும் ஒரு பருவமேனும் ஒரே கரையில் சேர்ந்து வேலை செய்தல் வேண்டும். மூலக் குறிப்பேடுகள் தனியார் பெட்டியில் முடங்காமல் நிலையான நிறுவனம் ஒன்றில் சேர்தல் வேண்டும். இறுதியாக, ஆண்டுதோறும் முடிவுகளை மீனவர் மொழியிலேயே அவர்களுக்குக் கூறுதல் வேண்டும். ருஷிகுல்யாவை உள்ளடக்கிய கஞ்சம் மாவட்டக் கரையில் தெலுங்கு பேசும் மீனவர் மிகுதி. அங்கே ஒடிய மொழி அறிக்கை ஒன்றே போதாது. ஆங்கில அறிக்கையைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை.

பெரும் பொருட்செலவின்றியும் இத்தொடர்ச்சி கைகூடும். சென்னையில் 1988ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற மாணவர் கடலாமைப் பாதுகாப்புக் குழுவினர், முட்டையிடும் பருவத்தில் இரவுதோறும் கரையில் நடந்து, முட்டைகளைக் காத்துக் குறிப்பெடுத்து வருகின்றனர். மாணவர் வருவர், போவர், பணி நிற்பதில்லை.

களப்பணியாளரும் ஆசிரியரும் இதில் பங்குகொள்ளலாம். கரையொதுங்கிய ஆமையைக் கண்டால் நாள், இடம், அளவு, காயம், தகடு இருப்பின் அதன் எண் ஆகியவற்றைக் குறித்து வனத்துறையினருக்குத் தெரிவிப்பதோடு, பள்ளியிலும் ஓர் ஏட்டில் பதிந்து வைக்கலாம். தலைமையாசிரியர் மாறும்போது பள்ளியின் மற்றப் பதிவேடுகளோடு அந்த ஏட்டையும் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும்.