ஒத்துழைக்காதவர் யார்?

பல் மருத்துவர்களிடையே 'ஒத்துழைக்காத நோயாளி' என்றொரு சொற்றொடர் புழங்குகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் இந்தப் பெயரோடுதான் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். முகத்துக்கு நேரே எரியும் விளக்கு, கிராம்பெண்ணெய் நெடி, வாய்க்குள் நுழையும் கையுறையின் ரப்பர் சுவை, துளைக்கருவியின் கிறீச்சொலி. நமக்கு இவை சிறு தொந்தரவுகள். ஒலியும் ஒளியும் பன்மடங்காகத் தாக்கும் புலன்களைக் கொண்ட பிள்ளைக்கோ, எல்லாத் திசையிலிருந்தும் ஒரே கணத்தில் விழும் அடிகள். பல்வலியைச் சொல்லத் தெரியாமல் சுவரில் தலையை மோதிக்கொள்ளும் பிள்ளையிடம் நாம் 'அடம்' என்று வாசிக்கிறோமே, அதுவும் இதே பிழையான வாசிப்புத்தான்.

வழி ஒன்றும் புதிதன்று. சொல், காட்டு, பிறகு செய் என்னும் முறையை அமெரிக்கரான ஆடல்ஸ்டன் 1959-இலேயே எழுதிவைத்தார். முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்து எழுந்தால் போதும். அடுத்த முறை சிறு கண்ணாடியைத் தொட்டுப் பார்க்கலாம். (முழு மயக்கம் சிலருக்குத் தவிர்க்க இயலாததே. அதுவே முதல் யோசனையாக வருவதுதான் உறுத்துகிறது.)

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தையும் 21 குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றது. அதன் 25-ஆம் பிரிவு சிகிச்சையில் முன்னுரிமை தருகிறது. வரிசையில் முந்திச்சென்று, ஐந்து நிமிடத்தில் திருப்பி அனுப்பப்படுவதற்கு எதற்கு முன்னுரிமை? இப்பிள்ளைகளுக்கு வேண்டியது அவகாசம். பல்லைத் தொடாமலே கழியும் அந்த அரைமணி நேரத்தையும் சிகிச்சை என்றே பதிவுசெய்து, அதற்கும் கட்டணமும் காப்பீடும் வகுத்தாலொழியத் தனியார் மருத்துவர் எவரும் காத்திருக்கப் போவதில்லை. அரசு மருத்துவமனைகளிலோ, வாரத்தில் ஒரு பிற்பகலை இவர்களுக்கென ஒதுக்குவதில் தொடங்கலாம்.