பூச்சி மருந்து டப்பாவும் ஏஐ ஏஜென்ட்டும்

கொஞ்சம் நீளமான பதிவு. கம்ப்யூட்டர் துறையில் இருக்கும் என் பழைய மாணவர்கள் கட்டாயம் முழுதும் படிக்க வேண்டும். மற்றவர்கள் படித்தாலும் நஷ்டமில்லை.

பேராவூரணியில் உரக்கடைக்குப் போய் "மருந்து கொடுங்க" என்று கேட்டால், கடைக்காரர் தலைவலி மாத்திரையை எடுத்து நீட்ட மாட்டார். பயிருக்கு அடிக்கிற விஷத்துக்கும் நம்மிடம் மருந்து என்றுதான் பெயர். பெயர் உண்மையை மறைத்தாலும், கடையும் வாடையும் சின்ன வயதில் "அந்த டப்பாவத் தொடாதே" என்று அப்பா போட்ட அதட்டலும் நமக்கு விஷயத்தைச் சொல்லிவிடும். அது மட்டும் போதாது என்றுதான் 1971ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லி விதிகள் டப்பாவின் மேல் ஒரு சாய்சதுரம் போடச் சொல்கின்றன. அதன் கீழ்ப்பாதி சிவப்பு என்றால் மிகக் கடுமையான விஷம், மஞ்சள் அதற்கு அடுத்தது, நீலம் நடுத்தரம், பச்சை குறைவு. சிவப்புக்கு மேலே மண்டை ஓடும் எலும்பும் இருக்கும். எழுத்துத் தெரியாதவருக்கும் புரியும். (பச்சை என்றால் விஷமே இல்லை என்று நினைத்துக்கொண்டு வெறுங்கையால் கலக்குகிறவர்களும் உண்டு. அது தனிப் பதிவாக எழுத வேண்டிய விஷயம்.)

ஏஐ ஏஜென்ட் என்று இப்போது பேசுகிறார்களே, அது கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காது. வேலையைச் சொன்னால் கம்ப்யூட்டரில் தானே செய்து முடிக்கும். அதற்காக அதன் கையில் சில கருவிகளைக் கொடுக்கிறார்கள். கோப்பைப் படிக்க ஒன்று, திருத்த ஒன்று, அழிக்க ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், இரண்டு மூன்று வரி விளக்கம். உலகம் முழுக்கப் புழங்குகிற கட்டளைகளைப் பற்றி அது முன்பே படித்திருக்கும். உங்கள் அலுவலகத்தில் நீங்கள் செய்த கருவியைப் பற்றி நீங்கள் எழுதிய அந்த இரண்டு வரிதான் அதற்குத் தெரியும். வாடை பிடிக்காது. பக்கத்து நாற்காலிக்காரரைப் பார்த்து "அண்ணே, இத அழுத்தலாமா?" என்று கேட்கிற பயமும் கிடையாது.

இந்தத் துறையில் பெயர்கள் எப்படி இருக்கின்றன? கிளீன், ரீசெட், புரூன். புரூன் என்றால் நம் ஊரில் கவாத்து. கவாத்து செய்த மரம் துளிர்க்கும், அழித்த கோப்பு துளிர்க்காது. ஆனாலும் நல்ல பழக்கம் உள்ளவர்களையும் சொல்ல வேண்டும். டாக்கர் என்ற மென்பொருளில் 'சிஸ்டம் புரூன்' என்று கொடுத்தால், எவை எவை போகப்போகின்றன என்று வரிசையாகச் சொல்லி, சரியா என்று கேட்டு நிற்கும். அப்படிக் கேட்காமலே செய்ய வைக்கவும் ஒரு வழி உண்டு. இயந்திரத்தை வைத்து வேலை வாங்குகிறவர்கள் பெரும்பாலும் அந்த வழியில்தான் போவார்கள். அப்போது அந்த எச்சரிக்கையைப் படிக்க எதிரே ஆளே இருக்காது. ஆகவே அது விளக்கத்திலேயே, முதல் வரியிலேயே இருக்க வேண்டும்.

2025 ஜூலையில் நடந்ததைச் செய்திகளில் பார்த்திருப்பீர்கள். அமெரிக்காவின் ஜேசன் லெம்கின், ரெப்லிட் நிறுவனத்தின் ஏஜென்ட்டை வைத்து ஒரு மென்பொருள் செய்துகொண்டிருந்தார். எதையும் மாற்றாதே என்று சொல்லியிருந்தும், அது 1,200க்கும் மேற்பட்ட நிர்வாகிகளின் விவரம் இருந்த நேரடித் தரவுத்தளத்தை அழித்துவிட்டது. கேட்டதற்கு, இனி மீட்க முடியாது என்று அடித்துச் சொன்னது. அவரே முயன்று பார்த்தபோது மீண்டுவிட்டது! இது நடந்திருக்கவே கூடாது என்று நிறுவனத் தலைவர் அம்ஜத் மசாத் வெளிப்படையாக ஒப்புக்கொண்டு, சோதனைத் தரவையும் நேரடித் தரவையும் தனித்தனியாகப் பிரிப்பதாக அறிவித்தார்.

"சொல்லியே கேட்காத ஏஜென்ட்டுக்கு விளக்கம் எழுதி என்ன சார் பயன்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. லேபிள் ஒட்டியதற்காக யாரும் அலமாரியைப் பூட்டாமல் விடுவதில்லை. இரண்டும் வேண்டும். ஆனால் "தொடாதே" என்பது வேறு, "இதைத் தொட்டால் இன்னது போகும், இப்படித் திரும்பும்" என்பது வேறு. முன்னது கட்டளை, பின்னது தகவல். அங்கே மீட்பு பற்றிய தகவலிலும் கோளாறு இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

ஏஜென்ட்டுகளைக் கருவிகளோடு இணைக்க ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024இல் வெளியிட்ட எம்.சி.பி. என்ற பொது நெறியில், ஒரு கருவி அழிக்கும் தன்மையுடையதா என்று குறிக்க இடம் வைத்திருக்கிறார்கள். தரவை மாற்றக்கூடிய ஒரு கருவியில் அந்த இடத்தை நிரப்பாமல் விட்டால், அது அழிக்கக்கூடியது என்றே எடுத்துக்கொள்ள வேண்டுமாம். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். லேபிள் இல்லாத டப்பா விஷ டப்பா. இது வெறும் குறிப்பு, உத்தரவாதமல்ல என்பதையும் அவர்களே எழுதியிருக்கிறார்கள்.

"பழைய பதிவுகளைச் சுத்தம் செய்யும். கவனமாகப் பயன்படுத்தவும்." இப்படித்தான் பலரும் எழுதுகிறார்கள். எதில் கவனம்? விடைத்தாளில் இப்படி எழுதியிருந்தால் அரை மதிப்பெண்கூடப் போட்டிருக்க மாட்டேன்.

இது எங்கோ அமெரிக்காவில் நடக்கிற சங்கதி என்று விட்டுவிடாதீர்கள். தொடக்க வேளாண் கூட்டுறவுச் சங்கங்களைக் கணினிமயமாக்க ஒன்றிய அரசு 2022இல் 2,516 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. அப்போது அது 63,000 சங்கங்களுக்கான திட்டம். கடைமடை விவசாயியின் பயிர்க்கடனும் நகைக்கடனும் அந்தக் கணக்குகளில்தான் இருக்கின்றன. நாளைக்கு அங்கேயும் ஒரு ஏஜென்ட் உட்காரும். அதன் கையில் ஒரு கருவியைக் கொடுக்கப் போகிறவர்களில் நம் பள்ளியில் படித்த பிள்ளையும் இருக்கலாம். தம்பி, தங்கச்சி, அப்போது இப்படி எழுதுங்கள்:

"இந்தக் கருவி, கொடுக்கப்பட்ட தேதிக்கு முந்தைய கடன் பதிவுகளை நிரந்தரமாக அழிக்கும். கட்டி முடிக்காத கடன்களும் சேர்ந்தே போகும். திரும்பப் பெற வழி, முந்தைய நாள் இரவு எடுத்த நகல் மட்டுமே. நகல் இருக்கிறதா என்று முதலில் பார். எத்தனை பதிவுகள் போகும் என்ற எண்ணிக்கையைச் செயலாளரிடம் காட்டு. அவர் சம்மதம் சொல்லும்வரை இயக்காதே. பட்டியலைப் பார்க்க மட்டும் என்றால் இது வேண்டாம், பக்கத்துக் கருவியை எடு."