ஆறுமணிக் குருவியைத் தேடி



விடுமுறை வந்தால் பிள்ளைகளை எங்கே கூட்டிப் போவதென்று யோசிப்பவரா நீங்கள்? கடந்த டிசம்பரில் என் மூத்த மகன் எனக்கு அந்தச் சிரமத்தை வைக்கவில்லை. தன் மாமாவிடம் கமரா ஒன்றை இரவல் வாங்கி வந்து, “வாப்பா, ஆறுமணிக் குருவியப் படம் புடிக்கணும்” என்றான்.

முதலில் கண்டி வாவிக்குப் போனோம். ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க மன்னன் 1807ல் அமைத்த அந்த வாவியின் கரையோர மரங்களில் நீர்க்காகங்களுக்கும் கொக்குகளுக்கும் குறைவேயில்லை. மழையில்லாத மாலையிலும் அம்மரங்களின் கீழ் சிலர் குடை விரித்து நடப்பதைக் கண்டிருப்பீர்கள். மகனுக்குப் படங்கள் நிறையக் கிடைத்தன. என் தொப்பிதான் பாவம்!

ஆறுமணிக் குருவி அப்படி இலகுவில் அகப்படாது. இந்தியாவில் குஞ்சு பொரித்துவிட்டு, ஒக்டோபர் அளவில் இங்கு வந்து சில மாதங்கள் தங்கிச் செல்லும் விருந்தாளி அது. பச்சை முதுகு, சிறகில் நீலம், வயிற்றடியில் சிவப்பு, கண்ணருகே கறுப்புப் பட்டை. இத்தனை வர்ணங்களையும் வைத்துக்கொண்டு இருண்ட மர நிழலில் சருகு கிளறிப் புழு தேடும். விடியலிலும் அந்தியிலும் ஆறு மணியளவில் கூவுவதால் இந்தப் பெயர்.

தலதா மாளிகைக்குப் பின்னால் எழும் உடவத்தகலே வனத்துக்கு மூன்று முறை போனோம். ஆங்கிலேயர் 1856ல் ஒதுக்கிய காடு, 1938ல் சரணாலயமானது. சுமார் 104 ஹெக்டேயர். நகரத்து பஸ் ஹோர்ன் காதில் கேட்க, அட்டை காலில் ஏறும். முதல் நாள் மழை. இரண்டாம் நாள் குக்குறுவான் தலைக்கு மேல் விடாமல் கத்தியது. படத்தில் விழுந்ததோ இலைகள் மட்டுந்தான்.

மூன்றாம் நாள், மழை இருட்டு மூடிய பிற்பகலில் புதருக்குள்ளிருந்து அந்த இரட்டைச் சீழ்க்கை கேட்டது. உடனே மகன் கைபேசியை எடுத்தான். அக்குருவியின் கூவலை அதில் பதிந்து வைத்திருந்தான்.

“ஒருக்காப் போட்டா ஓடி வரும் வாப்பா.”

நான் தடுத்தேன். வந்த இடத்தில் ஒரு துண்டு நிலத்தைத் தனதாக்கிக்கொண்டு அதிலேயே இரை தேடும் குருவி அது. இன்னொன்றின் குரல் கேட்டால், எல்லைக்குள் எதிரி புகுந்ததென்று தீனியை விட்டுச் சண்டைக்கு வரும். வந்து பார்த்தால் எவருமில்லை. குருவியானாலும் ஏமாற்று ஏமாற்றுத்தானே? ஆய்வாளர்கள் கணக்கெடுப்புக்காகச் செய்வது வேறு. நமக்கு வேண்டியது ஒரு படம்.

“எல்லாரும் செய்றதானே வாப்பா” என்றான். வகுப்பறையில் இதே வாதத்துக்கு எத்தனையோ தடவை பதில் சொல்லியிருக்கிறேன். அன்று சட்டென்று ஒன்றும் வரவில்லை. கைபேசியைச் சட்டைப் பையில் போட்டவன், பஸ்ஸில் வேறு ஆசனத்தில் போய் அமர்ந்தான்.

இரவுச் சாப்பாட்டின்போது தீபால் வரக்காகொட என்ற பறவையியலாளரைப் பற்றிச் சொன்னேன். 1995ல் கித்துல்கலைக் காட்டில் அவர் இனந்தெரியாத ஓர் ஆந்தையின் குரலைக் கேட்டார். அந்த ஆந்தையைக் கண்ணால் கண்டதோ 2001 ஜனவரியில், சிங்கராஜ வனத்தில். 2004ல் அது புதிய இனமென்று உலகுக்கு அறிவிக்கப்பட்டது.

“அவருக்கு ஆறு வருஷம் லீவா வாப்பா?” என்று கேட்டான் மகன். கோபம் தணிந்துவிட்டதென்று விளங்கிக்கொண்டேன்.

கமரா மாமாவிடம் திரும்பிப் போயிற்று. ஜனவரியில் ஒருநாள் ஸுபஹ் தொழுதுவிட்டு வருகிறேன், எங்கள் பின்வளவிலேயே அந்தச் சீழ்க்கை! மகனை எழுப்பினேன். பலாமரத்தடியில் மூன்று தத்துத் தத்தி, பக்கத்து வீட்டு வேலிக்குள் நுழைந்தது குருவி. அவசரத்தில் கைபேசியால் எடுத்த படத்தில் பாதி வேலி. ஓரத்தில் தெரிவது வால் என்கிறான் அவன். காய்ந்த இலை என்கிறாள் தங்கை.