மணல் மூடிய நகரும் மண் மூடிய ஊரும்

திருமறையின் 89ஆம் அத்தியாயமாகிய அல்ஃபஜ்ர், ஆது கூட்டத்தாரைக் குறிப்பிடுமிடத்து, தூண்களையுடைய ‘இரம்’ என்னும் பெயரைச் சொல்லிச் செல்கிறது. அதற்கு நிகராக வேறெந்த நாட்டிலும் படைக்கப்படவில்லை என்பதற்கு மேல் அங்கே வருணனை எதுவும் இல்லை. ஆயினும் அச்சில சொற்களின்மேல் கதை புனைவோர் எழுப்பிய மாளிகை மிகப் பெரிது.

ஷத்தாத் என்னும் மன்னன் சுவர்க்கத்தைப் பற்றிக் கேள்வியுற்று, அதற்குப் போட்டியாகப் பாலைவனத்தில் பொன்னாலும் வெள்ளியாலும் ஒரு நகரைச் சமைத்தானாம். அதில் அடியெடுத்து வைக்குமுன் வானிலிருந்து எழுந்த பேரொலியால் பரிவாரத்துடன் மாண்டானாம். ஆயிரத்தோர் இரவுகளிலும் இக்கதை இடம்பெற்றது. ஆனால், விரிவுரையாளர் இப்னு கஸீர் இதனைக் கட்டுக்கதையென்று தள்ளினார். வரலாற்றறிஞர் இப்னு கல்தூன் 1377இல் எழுதிய முகத்திமாவில், இத்தகைய நகரைப் பற்றி எங்கிருந்தும் செய்தி வந்ததில்லை என்றும், தூண்கள் என்பது கூடாரக் கால்களையே குறிக்கும் என்றும் எடுத்துரைத்தார். 1992இல் ஓமன் நாட்டு ஷிஸ்ரில் ஒரு பழங்கோட்டையின் இடிபாடுகள் வெளிப்பட்டபோது, இரம் கிடைத்துவிட்டது என்று உலகம் வியந்தது. கிடைத்ததோ, அடியிலிருந்த சுண்ணாம்புக் குகை சரிந்ததால் அழிந்த சிறு கோட்டை, பொன் மாளிகையன்று. அதுவே இரம் என்பதை ஆய்வாளர் பலர் ஏற்கவுமில்லை.

நம் மதுரைக்கும் இத்தகைய கதை உண்டு. கடல் கொண்ட மதுரையில் 4440 ஆண்டுகளும், கபாடபுரத்தில் 3700 ஆண்டுகளும் தமிழ்ச் சங்கங்கள் நிலைபெற்றிருந்தன என்கிறது இறையனார் அகப்பொருள் உரை. இக்கதையை நெடுங்காலம் பேசி மகிழ்ந்தோம். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், தென்னந்தோப்புகளின் அடியில் ஓர் உண்மை ஊர் உறங்கிக் கிடந்ததை அறியாதிருந்தோம். 2014ஆம் ஆண்டு தொடங்கிய கீழடி அகழாய்வில் செங்கற் சுவர்களும், உறைகிணறுகளும், பெயர் பொறித்த பானை ஓடுகளும், நூல் நூற்கும் தக்கிளிகளும் வெளிப்பட்டன. அங்குக் கிடைத்த கரிமாதிரி ஒன்றின் காலம் கி.மு. 580 எனக் கணிக்கப்பட்டது. கதையில் பொன்னும் மணியும். மண்ணிலோ தண்ணீருக்காகத் தோண்டிய கிணறு!

திருமறை இரமின் அழகை விரிக்கவில்லை. ஆது கூட்டத்தாரின் ஆணவத்தையே விரிக்கிறது. உயர்ந்த இடந்தோறும் அவர்கள் வீண் பெருமைக்காகச் சின்னம் எழுப்பியதை ஹூது நபி (அலை) கண்டித்தார்கள். தோட்டங்களையும் ஊற்றுகளையும் தந்த இறைவனை அஞ்சுமாறு நினைவூட்டினார்கள். தம்மைவிட வலிமை மிக்கவர் எவருமில்லை என்று இறுமாந்திருந்த அக்கூட்டத்தார் செவிசாய்க்கவில்லை. தம் பள்ளத்தாக்கை நோக்கி மேகம் வரக்கண்டு மழையென மகிழ்ந்தனர். வந்ததோ அவர்களை அழித்த காற்று. மணற்குன்றுகள் எனப் பொருள்படும் அல்அஹ்காஃப் அத்தியாயம் இதனை உரைக்கிறது.

இப்படிப்பினை பாலைவனத்தாருக்கு மட்டுமா? வைகை ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கிறது. மதுரையைச் சூழ்ந்து நம் முன்னோர் வெட்டிய கண்மாய்கள் பலவற்றின்மேல் இன்று கட்டடங்கள் நிற்கின்றன. கீழடியின் காலம் எத்தனை நூற்றாண்டு என்று வழக்காடுகிறோம். அவ்வூரார் நீரைப் போற்றிய அறிவை மறக்கிறோம். பழமையைக் கொண்டாடுவது பிழையன்று. ஆனால், பழமையை வெறும் பெருமையாக்கி, அருட்கொடையைப் பாழாக்கினால், ஆது கூட்டத்தாரின் பாதையில்தான் நாமும் நடக்கிறோம்.

பூமியில் பயணம் செய்து முன்னோரின் முடிவை நோக்குமாறு திருமறை பன்முறை பணிக்கிறது. அதற்கு ஓமன் வரை செல்ல வேண்டியதில்லை. கீழடிக்குச் சென்று அவ்வுறைகிணற்றின் அருகில் சற்றே நின்றால் போதும். திரும்பும் வழியில், நம் ஊர்க் கண்மாய் ஒன்றையேனும் காக்கும் எண்ணம் பிறக்கட்டும்! கண்டு தெளியும் நல்லறிவை வல்ல நாயன் நம் அனைவருக்கும் அருள்வானாக! ஆமீன்.