கடலுக்குப் போகும் பலகை

வீட்டு அலமாரியில் போட்ட பலகை ஈரத்தில் உப்பினால் கதவு மூடாது. கடைக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு வேறு கதவு போட்டுக் கொள்ளலாம். அதே பலகை கரையிலிருந்து பத்து மைலுக்கு அப்பால், நாலு பேரைச் சுமந்து கொண்டிருக்கும்போது ஏடு ஏடாகப் பிரிந்தால் என்ன செய்வது? ஒட்டுப் பலகையில், அதாவது பிளைவுட்டில், படகு கட்டலாமா என்ற கேள்விக்கு நம் பதில் 'கட்டலாம்' என்பதுதான். ஆனால் எந்தப் பலகை என்று கேட்காமல் அந்தப் பதிலைச் சொல்லக் கூடாது.

'ஒட்டின சாமான் தண்ணீரில் நிற்குமா?' என்று பெரியவர்கள் சந்தேகப்பட்டதில் நியாயம் இருந்தது. பழைய நாளில் பலகை ஒட்டுவதற்குப் பாலின் சத்திலிருந்தும் மிருக ரத்தத்திலிருந்தும் எடுத்த பசைகள் பயன்பட்டன. ஈரம் தொடர்ந்து பட்டால் அவை கைவிட்டு விடும். 1930-க்குப் பிறகுதான் பீனாலும் பார்மால்டிஹைடும் சேர்ந்த பசை பலகைத் தொழிலுக்கு வந்தது. சூட்டிலும் அழுத்தத்திலும் ஒருமுறை இறுகிவிட்டால், கொதிநீரும் அதை இளக்காது. மரத்தைக் காகிதச் சுருள்போல் உரித்து, ஓர் ஏட்டின் நார் நெடுக்கே ஓடினால் அடுத்த ஏட்டின் நார் குறுக்கே ஓடும்படி அடுக்கி ஒட்டுவதால், இந்தப் பலகை சாதாரணப் பலகையைப் போல் நாரோட்டத்தில் பிளப்பதில்லை. வெயிலில் சுருங்கி இடைவெளி விடுவதும் இல்லை.

இரண்டாம் உலக யுத்தம் இதற்குப் பரீட்சை வைத்தது. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து ஆண்ட்ரு ஹிக்கின்ஸ் வகுத்த 36 அடிப் படகுகளில் முன்கதவுதான் எஃகு. பக்கங்கள் ஒட்டுப் பலகை. அந்த ரகப் படகுகள் 20,000-க்கு மேல் கட்டப்பட்டன. 1944 ஜூன் 6-ஆம் தேதி நார்மண்டிக் கரையில் சிப்பாய்களை இறக்கியவற்றில் இவையும் உண்டு. யுத்தம் முடிந்த பின் இங்கிலாந்தில் ஒரு தினசரிப் பத்திரிகையே படகு விஷயத்தில் இறங்கியது. 1962-இல் 'டெய்லி மிர்ரர்' ஆதரவில் உருவான 'மிர்ரர்' என்ற சிறு பாய்ப் படகை வீட்டுக் கொல்லையிலேயே கட்டிக் கொள்ளலாம். வெட்டிய பலகைகளை விளிம்போடு விளிம்பு சேர்த்துச் செம்புக் கம்பியால் தைத்து, தையலின் மேல் கண்ணாடி இழை நாடாவை வைத்து ரெசின் பூசினால் தீர்ந்தது. இதுவரை 70,000-க்கு மேற்பட்ட மிர்ரர் படகுகள் தண்ணீரில் இறங்கியிருக்கின்றன. பத்திரிகைக்காரர்களுக்கு இப்படியும் ஒரு வேலை உண்டு என்று அறிவதில் நமக்குச் சந்தோஷமே.

தைத்துப் படகு கட்டுவதை ஆங்கிலேயரிடம் நாம் கற்க வேண்டியதில்லை. சென்னையில் துறைமுகம் எழும்புவதற்கு முன், தூரத்தில் நின்ற கப்பல்களிலிருந்து ஆட்களையும் சரக்கையும் அலை தாண்டிக் கரை சேர்த்தவை மசூலாப் படகுகள். அவை தென்னங்கயிற்றால் தைத்தவை. ஆணி அறைந்து விறைப்பாய் நிற்கும் படகு அலையடியில் விரிசல் விடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். இதைக் கண்டறிந்தவர்கள் நம் கடற்கரைக்காரர்களே.

ஆகவே 1980-களின் தொடக்கத்தில் கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஒட்டுப் பலகையைத் தைத்துப் படகு கட்ட ஆரம்பித்தபோது, பழைய கலை புதுச் சாமானோடு வந்தது என்றே சொல்ல வேண்டும். வள்ளம் குடையப் பருத்த மாமரமும், கட்டுமரத்துக்கு வேண்டிய லேசான மரமும் கிடைப்பது அரிதாகி விலை ஏறிக் கொண்டிருந்த சமயம் அது. வெளியில் மாட்டும் மோட்டாரும் அப்போதுதான் கரைகளுக்கு வந்தது. மோட்டாருக்கு ஏற்ற வடிவம் வேண்டும். அலையடிக்கும் மணற்கரையில் நாலு பேர் தூக்கி ஏற்றும்படி லேசாகவும் இருக்க வேண்டும். ஒட்டுப் பலகை இரண்டுக்கும் ஈடு கொடுத்தது. அந்தப் பட்டறைக்காக உழைத்த பியர் கில்லெட் 1985-இல் எழுதிய ஆங்கில நூலின் தலைப்புக்கு 'சிறியது கடினம்' என்று பொருள். அவர் பட்ட பாடு தலைப்பிலேயே தெரிகிறது. தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் தன் பட்டறைகளில் இந்தப் படகுகளைக் கட்டிக் கொடுத்தது.

குறைகளை மறைப்பது நம் நோக்கமல்ல. பலகையின் முகம் எவ்வளவு உறுதியோ அவ்வளவு பலவீனம் அதன் விளிம்பு. அறுத்த விளிம்பும் ஆணித் துளையும் விளக்குத் திரியைப் போல் தண்ணீரை உறிஞ்சும். அங்கே ரெசின் பூசாமல் விட்டவன் படகின் ஆயுளில் பாதியைத் தானே குறைத்தவன். மணலில் இழுப்பதால் அடிப்பாகம் தேயும். இன்னொரு விஷயம் பலருக்கு வியப்பாயிருக்கும்: மரத்தை மக்கச் செய்வதில் உப்புத் தண்ணீரைவிட மழைத் தண்ணீரே பொல்லாதது. கரையேற்றிய படகில் மழைநீர் தேங்க விட்டால் பூஞ்சணம் பிடித்துவிடும். கவிழ்த்து வைப்பதற்கோ ஓலை போட்டு மூடுவதற்கோ காசு செலவில்லை.

இன்று கரைகளில் நாம் பார்ப்பவை பெரும்பாலும் கண்ணாடி இழைப் படகுகள். 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலைக்குப் பிறகு உதவிப் பணம் வந்தபோது அவை கூட்டம் கூட்டமாக வந்திறங்கின. படகு கட்டிப் பழகாதவர்களும் பட்டறை திறந்தார்கள். அந்தப் படகு மக்காது, அச்சில் வார்ப்பதால் சீக்கிரம் முடியும் என்பதெல்லாம் உண்மை. ஆனால் கண்ணாடி இழைச் சாமான் தண்ணீரைவிடக் கனமானது. காற்றறையோ மிதவைப் பஞ்சோ சரியாக வைக்காவிட்டால், கவிழ்ந்து நீர் நிரம்பியதும் அடிக்குப் போய்விடும். ஒட்டுப் பலகை மரம்; தானாக மிதக்கும் சுபாவம் அதற்கு உண்டு. மோட்டாரின் பளுவையும் தாங்க அதற்கும் காற்றறை வேண்டும் என்றாலும், பற்றிக் கொள்ள ஏதோ ஒன்று மேலே நிற்கும். அடிபட்ட இடத்தை அறுத்தெடுத்து, பலகையின் கனத்தைப் போல் எட்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவி, புதுத் துண்டை ஒட்டிவிட ஊர்த் தச்சராலும் முடியும். ஆயுள் முடிந்த கண்ணாடி இழைப் படகோ எரிக்கவும் ஆகாமல் புதைக்கவும் ஆகாமல் கரையிலேயே கிடக்கும்.

இவ்வளவு நன்மையும் பலகை உண்மையானதாக இருந்தால்தான். படகுக்கு உரிய பலகைக்கு இந்திய தரக் கட்டளை எண் 710. அதன் ஒட்டு 72 மணி நேரம் கொதிநீரில் கிடந்தாலும் விடக் கூடாது என்பது விதி. மேஜை நாற்காலிக்கான பலகையின் எண் 303. இரண்டும் ஒரே கடையில் அடுத்தடுத்து நிற்கும், வெளிப்பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, விலையில் தெரியும். வேடிக்கை என்னவென்றால், 'மரைன்' என்று பெயர் சொல்லி விற்கும் பலகையில் பெரும்பகுதி கடலைக் கண்ணாலும் பார்ப்பதில்லை, சமையலறை அலமாரியாகிவிடுகிறது. அங்கே முத்திரை பொய்யானால் நஷ்டம் பணத்தோடு போகும். வட்டிக்கு வாங்கிப் படகு கட்டியவனிடம் அந்த முத்திரை பொய் சொல்லக் கூடாது.

சர்க்கார் செய்ய வேண்டியது பெரிய காரியமல்ல. படகுக்குப் பதிவு எண் கொடுக்கும் மீன்வளத் துறை, எந்தப் பட்டறை, எந்தப் பலகை, அதன் முத்திரை எண் என்ன என்பதையும் அதே ஏட்டில் எழுதி வைக்கட்டும். மானியம் கொடுக்கும்போது ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு துண்டை எடுத்துச் சோதித்த பிறகு பணத்தைக் கொடுக்கட்டும். அதுவரை மீனவ நண்பர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. பலகை வாங்கும்போது அறுத்த விளிம்பை வெளிச்சத்தில் பாருங்கள். உள் ஏடுகளுக்கு நடுவே பொந்து இருந்தால் வேண்டாம். ஒரு சாண் துண்டைக் கேட்டு வாங்கி வந்து, பானைத் தண்ணீரில் போட்டுப் பகல் முழுவதும் கொதிக்க விடுங்கள். மாலையில் ஓர் ஏடு கிளம்பியிருந்தாலும் முழுச் சுமையையும் வண்டியேற்றிக் கடைக்கே திருப்பி அனுப்பி விடுங்கள்.