பீப்பாயின் தாய்வீடு
ஸ்காட்லாந்து சிங்கிள் மால்ட் விஸ்கி சிலவற்றில் உலர்திராட்சையும் ஆரஞ்சுத் தோலும் மணக்கும். அதன் மூலப்பொருளான வாற்கோதுமைக்கு ஏது அந்த வாசம்? தென் ஸ்பெயினின் ஹெரெஸ் பகுதி ஷெரி ஒயின் ஊறிய ஓக் பீப்பாய் தந்த சீதனம் அது. அந்தக் காலத்தில் ஷெரி பீப்பாயோடு கப்பலேறி பிரிட்டனுக்கு வந்தது. காலிப் பீப்பாய்கள் விஸ்கிக்குப் போயின. இன்றோ விஸ்கிக்காகவே பீப்பாயில் ஷெரியை ஊறவைக்கிறார்கள். என் ஆதங்கமே இதுதான்: பீப்பாயைக் கொண்டாடுகிறோம், ஷெரியை மறந்துவிட்டோம். திராட்சைச் சாராயம் சேர்த்து ஆல்கஹாலை 17 சதவீதத்துக்கு மேல் வலுவேற்றி, காற்றுபடப் பழுக்கவிட்ட ஒலொரோசோ வகை ஷெரியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்: பழுப்பேறிய பொன்நிறம். முகர்ந்தால் வால்நட். நாக்கிலோ இனிப்பு அநேகமாக இல்லை! அதன்பிறகு அந்தப் பீப்பாய் விஸ்கியில் நாலு சொட்டுத் தண்ணீர் விட்டு மோந்தால், அதே வால்நட் மெல்ல எழுந்து வரும்.